மேல்வீட்டுப் போர்வை

தொப்பென்று விழுந்தது ஈரப் போர்வை. விழுந்த இடம்தான் வம்பு. வீட்டுக்குப் பின்னால், மேஜையில் பசை காய்ந்துகொண்டிருந்த யுகுலேலேயின் மேலேயே விழுந்து, அதை முழுசாக மூடிவிட்டது.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று நுரை பூசிய முகத்தோடு, பாதி ஷேவிங்கில் ஓடி வந்தார் கண்டக்டர்.

நாலு தந்தி வைத்த குட்டி கிட்டார்தான் யுகுலேலே. பிள்ளைகள் ரெண்டும் யார் வீட்டிலோ பார்த்துவிட்டு வந்து கேட்டன. "கடையில எதுக்கு? அப்பாவே செஞ்சு தரேன்" என்று வாயை விட்டுவிட்டார். வாயை விடுவதில் கண்டக்டரை மிஞ்ச ஆள் கிடையாது. போன வருஷம் பொம்மை வீடு செய்வதாகச் சொன்னார். அது கூரையில்லாமல் பரண்மேல் கிடக்கிறது. அதற்கு முந்தி ஒரு படகு. அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

"இதையாவது முடிப்பீங்களாப்பா?" என்றாள் மூத்தவள். சின்னவன் அதுகூடக் கேட்கவில்லை. அவனுக்கு நம்பிக்கையே விட்டுப்போயிருந்தது.

அதுதான் கண்டக்டரை உறுத்தியது. இந்தத் தடவை முடித்தே தீருவது என்று, பழைய அலமாரியின் முதுகுப் பலகையைக் கழற்றி, அறுத்து, இழைத்து, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, ஒரு வழியாக இடுப்பு சிறுத்த வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

அடுத்து அதன் உள்விளிம்பைச் சுற்றி மெல்லிய மரச்சட்டம் ஒட்ட வேண்டும். மேல்பலகை உட்கார அதுதான் ஆதாரம். பசை பிடிக்கிற வரைக்கும் இண்டு இடுக்கு விடாமல் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அதற்குத் துணி கிளிப்தான் லாயக்கு. வீட்டில் இருந்ததோ பல்லுடைந்த ஏழெட்டு. மனைவியிடம் புலம்பினார். அன்று சாயங்காலமே ஒரு கூடை நிறைய மரக் கிளிப்புகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொன்றின் நுனியிலும் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு.

"ஏது இவ்வளவு?"

"கிளிப் கேட்டீங்களா, அதோட ஜாதகம் கேட்டீங்களா?"

கிடைத்தவரை லாபமென்று கிளிப்புகளை மாட்டத் தொடங்கினார். ஒரு பக்கத்து விளிம்பு நன்றாக ஒட்டிக்கொண்டது. இப்போது மறு பக்கம். அதன் மேல்தான் இந்தப் போர்வை.

மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். நல்லவேளை, ஒரு கிளிப்கூட அசையாமல் கவ்விக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் கோபமும் கூடவே வந்தது.

"நேத்து துண்டு, காலையில தலைகாணி உறை, இப்பப் போர்வை. துணி காயப்போடத் தெரியாதா அந்த மேல்வீட்டு அக்காவுக்கு? வேணும்னே பண்றாங்க."

"மெதுவாப் பேசுங்க. மேல கேக்கப் போகுது."

"கேக்கட்டும்."

கோபத்துக்குப் பழைய பாக்கி ஒன்றும் இருந்தது. போன வாரம் மரம் ராவும்போது மேலேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "தம்பி, நைட் டூட்டி பாத்துட்டு வந்து மனுஷன் இப்பத்தான் கண்ணசந்தாரு. கொஞ்ச நேரம் நிறுத்தேன்." அன்றிலிருந்து கண்டக்டர் அக்காவிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

"குடுங்க, நான் போய்க் குடுத்துட்டு வரேன்" என்று மனைவி போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ போனா சிரிச்சுப் பேசிட்டு வந்துடுவே" என்று பிடுங்கிக்கொண்டு மாடியேறினார்.

பால்கனியில் அக்கா ஒரு சட்டைக் கையைக் கொடியோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடடா, விழுந்துடுச்சா தம்பி? வாத்தியத்து மேல படலையே?"

"பட்டுது. ஏதோ தப்பிச்சுது. ஏன்க்கா, ரெண்டு கிளிப் மாட்டினா கையா தேஞ்சிடும்?"

"முடிச்சுப் போட்டுத்தான் வச்சேன். போர்வைக்கு நிக்க மாட்டேங்குது. ரெண்டு நாள் பொறுத்துக்கோ."

"ரெண்டு நாள்ல என்ன, கொடியில கிளிப் காய்க்குமா?"

அக்கா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவரை இன்னும் சூடாக்கியது. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று, எதைச் சாக்காக வைத்துக் கேட்கலாமென்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

வாளியில் ஒரு சிவப்புப் பொட்டு. மக்கில் ஒரு பொட்டு. துடைப்பக் கட்டையைக்கூட விட்டுவைக்காமல் அடையாளம் வைத்திருந்தாள் மகராசி. கொடியின் கோடியில் அவள் வீட்டுக்காரரின் டூட்டிச் சட்டை மட்டும் முடிச்சில்லாமல் தொங்கியது. அதைக் கவ்வியிருந்த ஒற்றை மரக் கிளிப்பின் நுனியிலும் அதே பொட்டு.

கண்டக்டர் அந்தக் கிளிப்பை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். நுரை காய்ந்த கன்னம் கூசியது.

"எங்க வீட்டுல சொல்லவே இல்லையேக்கா."

"நான்தான் சொல்லாதேன்னேன். நீ ரோஷக்காரன். என்னுதுன்னு தெரிஞ்சா அப்பவே கழட்டிக் கொண்டாந்து வச்சிருப்பே. உன் புள்ளைங்க ரெண்டும் படிக்கட்டுல உக்காந்து, 'இந்தத் தடவையாவது அப்பா முடிச்சிடுவாரா'ன்னு பேசிக்கிட்டுதுங்க. கேட்டுட்டு எனக்கு மனசே கேக்கல."

அவர் கையிலிருந்த போர்வையின் ஒரு முனையை அக்கா வாங்கினாள். மறுமுனையை அவரே கொடியில் போட்டு, தனக்குத் தெரிந்த முடிச்சையெல்லாம் போட்டார். கண் கலங்கியதைக் காட்டாமலிருக்க அந்த வேலை வசதியாக இருந்தது.

"நீங்க நல்லா இருக்கணும்க்கா. இப்பவே போய் எல்லாத்தையும் கழட்டிக் கொண்டாந்துடறேன்."

"அட, நீ ஒண்ணு. பசை நல்லாக் காயட்டும் தம்பி. போர்வை விழுந்தா மறுபடி துவைச்சுக்கலாம்."