பழைய கேமராவில் ஒரு புள்ளி

"புதுசை நீ வச்சுக்கிட்டு, ஓட்டையை என் தலையில கட்டிட்டே. அவ்வளவுதானே?"

அக்காவின் கணவர் பழைய கேமராவை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பதுதான் சரி. கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைக்கும் தம்பி, பதறிப்போய் அதைக் கையால் தாங்கிக்கொண்டான்.

"மாமா, எனக்குச் சோறு போட்ட கேமரா இது. உள்ளே வரைக்கும் துடைச்சு, ஓட்டிப் பார்த்துத்தான் உங்ககிட்ட கொடுத்தேன்."

"அப்ப இது என்ன?"

அவர் நீட்டிய படத்தில் ஒன்றரை வயது மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கண்ணில் அரிசி மணி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"ஒண்ணு ரெண்டு இல்ல. ஃப்ளாஷ் போட்டு எடுத்ததுல பாதிப் படம் இப்படித்தான். ஆசையா பெரிசு பண்ணி மாட்டலாம்னு பார்த்தா, என் பொண்ணு பேய் மாதிரி முழிக்கிறா!"

அடுப்பை அணைத்துவிட்டு அக்கா ஓடி வந்தாள். "அவன் சும்மா கொடுத்தது. தானம் கொடுத்த மாட்டைப் போய்ப் பல்லைப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டு..."

"உன் தம்பிக்கு வக்காலத்து வாங்காதே!"

"நீயாவது வாயை மூடேன்டா" என்று அவள் தம்பி பக்கம் திரும்பினாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

தம்பி மூடவில்லை. தொழிலைக் குறை சொன்னால் அவனுக்குத் தாங்காது. "கேமராவுக்குள்ள புள்ளி இருந்தா, எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல விழணும் மாமா. இது ஒரு படத்துல மேலே இருக்கு, இன்னொண்ணுல ஓரத்துல இருக்கு."

"எனக்குப் பாடம் எடுக்காதே. உன் புதுசை வெளியே எடு. ரெண்டுலயும் எடுத்துப் பார்த்துடுவோம். புதுசுல புள்ளி இல்லேன்னா, நீ என்னை ஏமாத்திட்டேன்னு அர்த்தம். அப்புறம் இந்த வாசல்படியை நீ மிதிக்கக் கூடாது."

அக்காவின் முகம் வெளுத்தது. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது இந்தத் தம்பி ஒருவன்தான்.

தம்பி பையைத் திறந்தான். மேசைமேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. ஒரே கம்பெனி; இரண்டுமே புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கானவை; நடுவில் பத்து வருஷ இடைவெளி. பழசு கனம், அதன் திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. புதுசு கைக்கு லேசு, மங்கிய வெளிச்சத்திலும் படம் பளிச்சென்று விழும், எடுத்த படம் அப்படியே போனுக்குப் போய்விடும். இதையெல்லாம் அவனே ஒருநாள் பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தான். அன்றிலிருந்து மாமாவுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். முதலில் வெறும் சுவர். இரண்டு படமும் சுத்தம். அடுத்து அக்கா. இரண்டிலும் அவள் கண்கள் சிவப்பாக விழுந்தன.

"ஃப்ளாஷ் அடிச்சா கண்ணு சிவப்பா விழறது வழக்கம்தான்" என்றான் தம்பி.

"பாப்பாவை எடு."

பாப்பா அக்காவின் மடியில் உட்கார்ந்தாள். மாமா சாவிக்கொத்தை ஆட்ட, பாப்பா சிரித்தாள். பழைய கேமரா மின்னியது. வலது கண்ணில் சிவப்பு. இடது கண்ணில் வெள்ளை.

"பார்த்தியா!" மாமாவின் குரல் கூரையை முட்டியது. "இப்ப உன்னுது!"

தம்பி புதுசைத் தூக்கினான். படம் சுத்தமாக விழுந்தால் அக்கா உறவு இன்றோடு சரி. 'கடவுளே, இதுலயும் புள்ளி விழணும்' என்று வேண்டிக்கொண்டே பொத்தானை அழுத்தினான்.

விழுந்திருந்தது.

"மாமா, பாருங்க! புதுசுலயும் இருக்கு!"

அக்கா அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். மாமா நம்பவில்லை. லென்ஸை மாற்றச் சொன்னார், மாற்றி எடுத்தான். பாப்பாவை ஜன்னல் பக்கம் உட்காரவைக்கச் சொன்னார், வைத்து எடுத்தான். புள்ளி அப்படியே வந்தது.

கடைசியில் மாமாவே சிரித்துவிட்டார். "சரிப்பா, ரெண்டும் ஒரே லட்சணம்தான். தெரியாம கத்திட்டேன், மனசுல வச்சுக்காதே. கேமராவைச் செஞ்ச கம்பெனிக்காரனைத்தான் உதைக்கணும்." பிறகு அக்காவைப் பார்த்து, "டீ போடேன், இவனுக்கும் சேர்த்து" என்றார்.

ஜெயித்த சந்தோஷத்தில் தம்பி கடைசிப் படத்தைப் புதுசின் திரையில் பெரிதாக்கினான். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான். சிரிப்பு மெல்ல வடிந்தது. வெள்ளை, படத்தின்மேல் ஒட்டிய புள்ளி மாதிரி இல்லை. கண்மணிக்கு உள்ளே, ஆழத்தில் இருந்தது.

கேமராவை வைத்துவிட்டு, பாப்பாவின் முன்னால் மண்டியிட்டான். அவளுடைய வலது கண்ணை உள்ளங்கையால் மூடினான். மறு கையால் சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் அவள் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

பாப்பாவின் சிரிப்பு நின்றது. சாவி எதிரிலேயே தொங்க, பிஞ்சுக் கைகள் காற்றைத் துழாவின.

"இது என்னடா புது விளையாட்டு?" என்றார் மாமா, சிரிப்பு மாறாமல்.

தம்பி பாப்பாவின் இடது கண்ணைக் காட்டினான்.

"மாமா... பாப்பாவுக்கு இந்தக் கண்ணு தெரியல."