சிவப்புப் பொட்டு

"யார் பார்த்த வேலை இது?"

மாதவராஜ் போட்ட சத்தத்தில், சுவரில் இருந்த புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்தார்கள்.

சென்னையில் ஒரு பிரெஞ்சு கலாசார மையத்தின் கேலரியில் ஒரு மாதம் தொங்கிய வத்தல்மலைப் படங்கள், இப்போது தருமபுரிக்கு வந்து ஒரு கல்யாண மண்டபத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. எடுத்தவர் மாதவராஜ். சொந்த ஊரில் கண்காட்சி என்பதால் மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

விற்றுப்போன படத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது கேலரி வழக்கம். ஒட்டிவிட்டால் அப்புறம் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

'காத்திருப்பு' என்ற படத்தின் ஓரத்திலும் அப்படி ஒரு சிவப்பு இருந்தது. ஆனால் அந்தப் படத்தை யாரும் இன்னும் வாங்கவில்லை.

காலையில் சவுரியப்பன் வந்திருந்தார். வத்தல்மலையில் புதிதாக ரிசார்ட் ஆரம்பித்தவர். மலைப்பாதை வளைவில், மடியில் துணி மூட்டையோடு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கும் படம் அது. 'பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மலைப்பெண்' என்று கீழே குறிப்பு.

"என்ன ஒரு அமைதி பாருங்க. ரிசப்ஷன்ல, உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படற மாதிரி மாட்டணும். சாப்பிட்டு வந்து முடிச்சுக்கறேன்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பிட்டு வந்தவர் சிவப்பைப் பார்த்தார்.

"எனக்குச் சொல்லிட்டு இன்னொருத்தருக்குக் குடுத்துட்டீங்க. நல்லா இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மையத்தின் சார்பில் கண்காட்சியைக் கவனித்துக்கொள்ளும் கவிப்பிரியா, கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

"சார், இது நம்ம ஸ்டிக்கர் இல்ல. நெத்தியில வைக்கற பொட்டு."

அப்புறம் என்ன, ஹாலில் இருந்த பெண்களின் நெற்றியை எல்லாம் இரண்டு பேரும் ஆராய ஆரம்பித்தார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

கண்காட்சி பார்க்க வத்தல்மலையிலிருந்து வேனில் வந்திருந்த பெண்களில், ரங்கம்மாளின் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. பொட்டு இருந்த இடம் வட்டமாக வெளுத்துத் தெரிந்தது.

"ஏம்மா, நீங்கதானா?"

"ஆமாங்க. மத்த படத்துக்கெல்லாம் செவப்பு வெச்சிருந்தீங்க. எங்க மேனகா படத்துக்கு மட்டும் இல்ல. அவளும் இன்னைக்கு வரல, வேலைக்குப் போயிட்டா. பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு, அதான் வெச்சு வுட்டன்."

கூட்டம் சிரித்தது. ஒருவர் செல்போனை நீட்டி வீடியோகூட எடுத்தார். ரங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதுங்களுக்குப் போய் வேன் வெச்சுக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

மாதவராஜ் பொட்டைப் பிய்த்தெடுத்தார். அது அவர் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. அப்படியே சவுரியப்பனுக்குப் போன் போட்டார். நல்லவேளை, அவர் வாசல் டீக்கடையில்தான் இருந்தார். வருகிறேன் என்றார்.

கூட்டம் கலைந்தது. கவிப்பிரியாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

"ரங்கம்மாக்கா, இந்தச் சிவப்பு எதுக்குன்னு காலையில என்கிட்ட கேட்டீங்க இல்ல? வித்துப்போச்சுன்னு அர்த்தம், இனிமே யாரும் வாங்க முடியாதுன்னு நான்தானே சொன்னேன். தெரிஞ்சும் ஏன் வெச்சீங்க?"

ரங்கம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் மாதவராஜ் மட்டும்தான் இருந்தார்.

"யாரும் வாங்கக் கூடாதுன்னுதாங்க."

"அதான் ஏன்?"

"பஸ்ஸுக்குக் காத்திருக்கான்னு சாரு எழுதியிருக்காருன்னு நீதான் கண்ணு படிச்சுச் சொன்ன. அவ பஸ்ஸுக்குக் காத்திருக்கலீங்க. பஸ்ஸுல இருந்து எறங்கி வந்தவ. காய்ச்சல்ல, கீழ ஆஸ்பத்திரியில கொழந்த போயிருச்சு. கீழயே அடக்கம் பண்ணிட்டு வந்தாங்க. அந்த மூட்டையில இருக்கறது அதோட துணிங்க. வூட்டுக்கு நடக்கக் காலு வராம அங்கியே குந்திட்டா."

மாதவராஜ் படத்தைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குக் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நாலைந்து கிளிக் செய்துவிட்டுப் போனவர் அவர். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அத்தன பேரு முன்னால அவ துக்கத்த எப்படிங்க எடுத்துப் போடறது? என்னப் பாத்துச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. இப்பிடி ஒரு படம் இருக்கறதே அவளுக்குத் தெரியாது."

வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், படத்தை வாங்க வருகிற ஆளை விட மாதவராஜுக்கு மனசு வரவில்லை.

"தெரியாதுன்னா தெரியாமலே இருக்கட்டுமே. படம் ரிசார்ட்டுக்குள்ளதானே இருக்கப்போகுது? அவங்க அங்க எங்க வரப்போறாங்க?"

"அவ வேல செய்யறதே அங்கதானுங்க. மொதலாளிக்குத்தான் அவ மொகம் தெரியாது. ரிசப்ஷனக் கூட்டறது, கண்ணாடியெல்லாம் தொடைக்கறது அவதான். மாட்டுனா, தெனமும் இதையும் அவதான் தொடைக்கணும்."

வாசலில் சவுரியப்பன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கோபம் போய் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"ஏதோ தப்பு நடந்துபோச்சாமே மாதவராஜ்? அப்ப படம் எனக்குத்தானே?"

மாதவராஜ் விரல் நுனியில் இருந்த பொட்டை, முன்பு இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினார்.

"இல்லீங்க. இதுக்குச் சொந்தக்காரங்க ஒருத்தங்க இருக்காங்க. அவங்களை நான் இன்னும் ஒரு வார்த்தை கேக்கவே இல்ல."