எங்கிருந்தாலும் படிக்கலாம்

தொழில்நுட்பமும் வணிகமும் சேர்ந்த ஆன்லைன் பட்டப்படிப்பு. கல்லூரி ஆலோசகர் டார்லீனுக்கு இந்த மாதம் அதற்கு ஒரு சேர்க்கைகூட அமையவில்லை. ஃபோனில் சிக்கிய கடற்படைக்காரர் கர்ட்டிஸோ பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

“பாடம் பிடிச்சிருக்கு. ஃபீஸைக் கடற்படையே கட்டிடும். இன்னும் என்ன சார் தயக்கம்?”

“டியூட்டியில இன்டர்நெட் கிடைக்காது மேடம்.”

“எல்லாரும் சொல்றதுதான்! பாலைவனத்துல கூடாரத்துக்குள்ள இருந்துக்கிட்டே ஒருத்தர் படிச்சு முடிச்சுட்டாரு. மனசு வேணும் சார்!”

“இல்ல மேடம், நான் வேலை பார்க்கிற இடம்...”

“எந்த இடமா இருந்தா என்ன? கொஞ்சம் மேல போய் நின்னு பாருங்க, சிக்னல் கிடைக்கும்.”

“அதுக்கு கேப்டன் சம்மதிக்கணும்.”

“இதுக்குமா? சரி, ஜன்னலோரமா உட்காருங்க.”

“ஜன்னலே கிடையாது.”

டார்லீனுக்குப் பொறுமை போய்விட்டது. “கதவாவது இருக்குல்ல? அதைத் திறந்து வெச்சுக்கிட்டுப் படிங்க!”

“திறந்தா கடல் உள்ள வந்துடும் மேடம். நான் வேலை பார்க்கறது நீர்மூழ்கிக் கப்பல்ல.”

டார்லீன் ஒரு கணம்தான் யோசித்தாள்.

“பரவாயில்ல சார். உங்களுக்கு நீச்சல் தெரியும்ல?”