எதிராளி வண்டியில் என்ன வேலை?

"டேய் தம்பி, உன் பொண்டாட்டி எங்க இருக்கா தெரியுமா?"

மூச்சு வாங்க வந்து நின்றாள் அக்கா. ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தான்.

"டீ வாங்கிட்டு வரேன்னு போனா."

"டீயாவது, காப்பியாவது. வெள்ளை வண்டிக்காரன் பானெட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கிறா. என் ரெண்டு கண்ணால பார்த்துட்டு வரேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. பந்தயத்துக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

மலைப்பாதைப் பந்தயம். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி உச்சிக்குப் போக வேண்டும். யார் குறைந்த நேரத்தில் போகிறாரோ அவருக்குக் கோப்பை. மூன்று வருஷமாக அந்தக் கோப்பை வெள்ளை வண்டிக்காரர் வீட்டு அலமாரியை விட்டு நகரவில்லை.

கோப்பை கிடக்கட்டும். அந்த மனுஷனின் வாய்தான் பெரிய தொல்லை. "அந்தம்மா கை வச்ச இன்ஜின் பாதி மலைகூட ஏறாது" என்று போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்தப் புண்ணியத்தில், தம்பியின் மனைவி மெக்கானிக் பட்டறை திறந்து எட்டு மாசத்தில் வந்தது நாலே வண்டி. அதிலும் இரண்டு சொந்தக்காரர்களுடையது. இன்றைக்கும் தோற்றால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதனால்தான் கணவனின் காருக்கு எலெக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் மாட்டி, பத்து நாளாக அதையே கட்டிக்கொண்டு அழுதாள். டர்போ, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். எவ்வளவு அழுத்தம் என்பதை ஒரு சின்ன வால்வை வைத்து கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அழுத்தம் கூடினால் வேகம் வரும். ரொம்பக் கூடினால் இன்ஜின் காலி.

முதல் இரண்டு நாள் கன்ட்ரோலரைப் பூஜ்யத்தில் வைத்தே ஓட்டச் சொன்னாள். கணவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"பூஜ்யத்துல ஓட்டறதுக்கா இதை மாட்டினோம்? மாட்டு வண்டிகூட என்னை முந்திடும் போலிருக்கு."

"பூஜ்யத்துல அழுத்தம் ஒழுங்கா அடங்குதான்னு பார்த்துட்டுத்தான் மேல ஏத்த முடியும். பேசாம ஓட்டுங்க."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு லேப்டாப்பில் அழுத்தம் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்தாள். அழுத்தமானியின் முள் பதினெட்டுக்கு வந்ததும் போதும் என்றுவிட்டாள். கெஞ்சிப் பார்த்தான், பத்தொன்பதுக்கு விடவில்லை.

அப்படிப்பட்டவள் இப்போது எதிராளி வண்டியில் நிற்கிறாள்.

"பத்து நாள் பட்ட பாட்டை அவனுக்குத் தாரை வார்த்துட்டு வரா, பாரு" என்றாள் அக்கா.

மனைவி கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"டீ எங்கம்மா?" நாத்தனார் கேட்டாள்.

"தீர்ந்துபோச்சு அண்ணி."

"அங்க உனக்கு என்ன வேலை?" கணவனின் குரலில் சூடு இருந்தது.

"ஓட்டிட்டு வாங்க, சொல்றேன். மூணாவது வளைவு தாண்டினதும் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்காதீங்க. முள்ளு பதினெட்டுல நிக்கும். தாண்டினா என்னைக் கேளுங்க."

வெள்ளை வண்டி முதலில் கிளம்பியது. காலையில் சோதனை ஓட்டத்தின்போது திக்கித் திக்கி ஏறிய வண்டி, இப்போது பிய்த்துக்கொண்டு போனது. ஒலிபெருக்கியில் நேரம் வந்தது. இரண்டு நிமிஷம், பதினொன்று புள்ளி ஆறு விநாடி. அவர் இதுவரை ஓட்டியதிலேயே அதுதான் குறைந்த நேரம்.

"நான் சொன்னப்போ கேட்டியா?" அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு கிளம்பினான். வந்த கோபத்தை எல்லாம் வண்டியில் காட்டினான். மூன்றாவது வளைவைத் தாண்டியதும் காலை அழுத்தினான். முள் பதினெட்டுக்கு ஏறியது. அங்கேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. உச்சி வரைக்கும் அவன் காலை எடுக்கவே இல்லை.

"இரண்டு நிமிஷம், பதினொன்று புள்ளி இரண்டு விநாடி" என்றது ஒலிபெருக்கி.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. தம்பி பொண்டாட்டியை முதலில் கட்டிப்பிடித்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நாத்தனாரேதான். அவளுக்கோ சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணவன் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள், "மேடம், நம்ம வண்டியையும் கொஞ்சம் பாருங்க" என்று ஐந்தாறு பேர் பட்டறைக்கு வழி கேட்டுவிட்டார்கள்.

வெள்ளை வண்டிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கணவனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என் வண்டி இன்னிக்கு மலை ஏறினதே உங்க வீட்டம்மாவாலதான். டர்போ வால்வுல ரெண்டு ஹோஸையும் இடம் மாத்தி மாட்டித் தொலைச்சிருக்கேன். அழுத்தத்தைக் குறைக்கக் குறைக்க கூடிக்கிட்டே போச்சு. எல்லை மீறினதும் கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கிடுச்சு. அந்தப் பாதுகாப்பையே எடுத்துட்டு ஓட்டிடலாம்னு உட்கார்ந்தேன். இவங்க வந்து, 'எடுத்தீங்கன்னா இன்ஜின் வெடிச்சிடும், தள்ளுங்க'ன்னு சொல்லி ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

கணவனுக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. நாத்தனாருக்குத்தான் மனசு ஆறவில்லை.

"அடிப்பாவி, அப்படியே விட்டிருந்தா நாம நோகாம ஜெயிச்சிருக்கலாமே."

"விட்டிருந்தா, வண்டி மக்கர் பண்ணினதாலதான் தோத்தேன்னு சார் ஆயுசு பூரா சொல்லிக்கிட்டுத் திரிவார் அண்ணி. அதான், நல்லா ரிப்பேர் பண்ணிக் கொடுத்துட்டுத் தோக்கடிச்சேன்."