சம்மாட்டியாரின் வயிற்றுவலி

கரைவலை முதலாளி யாகப்பர் சம்மாட்டியின் வயிற்றுவலி இந்த வலைக்காலம் முடியுமட்டும் மாறவே கூடாதென்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியவள் றோஸ்மேரி.

இன்னொருவர் நோவில் கிடக்கவேண்டுமென்று மன்றாடுவது பாவம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வலியால்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அவளுடைய புருசன் கிறகரிக்கு இரைப்பை புண்ணாகியிருந்தது. கஸ்ரைற்றிஸ் என்றார் மன்னார் டாக்குத்தர். உறைப்பும் புளியும் கூடாது, வெறும் வயிற்றில் பிளேன்ரீ கூடாது, நேரத்துக்குச் சாப்பிடவேணும், இல்லாவிட்டால் மருந்து குடித்தும் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் றோஸ்மேரி பார்த்துக்கொள்வாள். ஓலைத்தொடுவாய்க் கரையில் என்ன செய்வது? கரைவலைக்காரர் தங்கிச் சாப்பிடும் வாடியில் இருபது பேருக்கும் ஒரே சட்டி. செத்தல் மிளகாய் அரைத்துவிட்ட குழம்பு. அதுவும் வலை இழுத்து, மீன் ஏற்றி முடித்துப் பின்னேரம் மூன்று மணிக்குத்தான். தனியாகச் சோறு கட்டிக்கொண்டு போனால் நோயாளி, வருத்தக்காரன் என்று தெரிந்துவிடும். வருத்தக்காரனைக் கயிறு இழுக்க யார் கூப்பிடுவார்கள்?

கிறகரி பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்தான். ஒருநாள் மணலில் மடங்கி விழுந்தபோதுகூட, காலில் சிப்பி வெட்டிவிட்டது என்று சமாளித்துவிட்டான்.

அப்படி இருக்கும்போதுதான் சம்மாட்டியாருக்கும் அதே வருத்தம் வந்தது. தனக்கொரு சட்டி, மற்றவர்களுக்கொரு சட்டி என்று காய்ச்ச ஏலாது, இனி வாடியில் எல்லாருக்கும் உறைப்பில்லாமல் தேங்காய்ப்பால் விட்ட மீன் சொதிதான் என்றார். வலை எங்கே நின்றாலும் பத்து மணிக்கு ஆளுக்கொரு துண்டுப் பாணும் வாழைப்பழமும்.

கூட வலை இழுக்கிற அம்புறோஸ் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இதென்ன பத்தியக்கறி? எங்களுக்கை ஆர் பிள்ளை பெத்தது?"

மிளகாய்த்தூளை மிச்சம் பிடிக்கிற கஞ்சன் என்றும் சிலர் பேசினார்கள். சந்தேகம் வராமலிருக்கக் கிறகரியும் சேர்ந்து திட்டினான். திட்டிவிட்டு இரண்டாம் தரமும் சொதி வாங்கினான்.

இரண்டு மாதத்தில் எரிவு அடங்கியது. வேலையால் வந்து மகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தான். மெழுகுதிரி அதற்குத்தான்.

மூன்றாவது மெழுகுதிரியோடு றோஸ்மேரிக்கு மனம் குத்தத் தொடங்கியது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் வெட்கம். ஞாயிறு பூசை முடிந்ததும் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சி, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு சம்மாட்டியார் வீட்டுக்குப் போனாள்.

குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மேசையில் செக்கச்செவேலென்று நண்டுக்குழம்பு. சம்மாட்டியார் நண்டுக்காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டு, இடைக்கிடை பச்சைமிளகாயையும் கடித்தார். மூக்கால் நீர் ஓடியது.

ஊராருக்குச் சொதி, தனக்கு நண்டு. அம்புறோஸ் ஆட்கள் பேசியதில் என்ன பிழை? றோஸ்மேரிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பரிமாறிக்கொண்டு நின்ற சம்மாட்டியாரின் மனைவி றோசம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"சம்மாட்டியாருக்கு நல்ல வருத்தம்தான், றோசம்மாக்கா. நாங்கள் மெழுகுதிரியெல்லாம் கொளுத்தி மன்றாடுறம்." என்ன கேட்டு மன்றாடினாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சம்மாட்டியார் பிடிபட்ட கள்ளனைப்போலச் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பிப் பின்பக்கம் போய்விட்டார். றோசம்மா சிரித்துக்கொண்டே தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"அந்த மனுசனுக்குக் கல்லும் செமிக்கும், பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது நாக்குக்கு உறைப்பு வேணுமாம்."

"அப்ப வாடியிலை?"

"சிப்பி வெட்டினதெண்டு ஒருத்தன் மணலிலை மடங்கிக் கிடந்தானாம். இவர் கிட்டப் போய்ப் பாத்தால் காலிலை ஒரு கீறலும் இல்லையாம். கை ரெண்டும் வயித்திலை இருந்ததாம்."

றோசம்மா மூடியை இறுக்கி, தூக்குச்சட்டியை றோஸ்மேரியின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"கஞ்சி ஆறமுன்னம் கொண்டுபோய் வருத்தக்காரனுக்குக் குடு. எங்களுக்குத் தெரியுமெண்டு மட்டும் சொல்லிப்போடாதை."