தெருமுனைச் சத்தம்

“மறுபடியும் வெடிக்குது தம்பி. நேத்து சாயங்காலம் என் தெருமுனையில துப்பாக்கி சுட்ட மாதிரி. நான் ஓட்டுறது காரா, பீரங்கியா?”

கார்க்காரர் சாவியை மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்துகிற ஆளும் இல்லை. அதனாலேயே ஒர்க்‌ஷாப் முதலாளிக்கு அவரிடம் கூடுதல் பயம்.

“இந்த எஞ்சினைப் பிரிக்கத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான் சார்...” என்று இழுத்த முதலாளி, மெக்கானிக் ரோட்டரி பக்கம் திரும்பினார். “ஒரே மாசத்துல மூணாவது தடவை. இன்னொரு தடவை இந்த வண்டி உள்ள வந்துச்சுன்னா நீ வெளிய போயிடு. புரியுதா?”

ரோட்டரி என்பது ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு வைத்த பெயர். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணமாய் ஒன்று உள்ளே சுற்றும் அந்தப் பழைய ரோட்டரி எஞ்சின்மேல் அவனுக்கு அப்படி ஒரு பைத்தியம். யார் பக்கத்தில் நின்றாலும் அதைப் பற்றித்தான் பேசுவான். முதல் தடவை கார்க்காரரோடு வந்த அவர் மனைவிக்குக்கூட எந்த நட்டு, எந்தப் பக்கம் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தவன்.

“என்னடா, உன் ஆளு கோவிச்சுக்கிட்டு மறுபடி வந்துட்டா போல,” என்றார் டிங்கர் அண்ணன், பானெட்டைத் தட்டி.

“சிரிக்காதண்ணே. என் வேலைக்கே வேட்டு வெக்கப் பாக்குறா.”

எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தான். கார்புரேட்டர் சரி. சைலன்சரில் ஓட்டை இல்லை. பிளக் வயர் நாலும் அதனதன் இடத்தில் இருந்தன. எஞ்சினை ஓடவிட்டு, பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை முன்பக்கப் புல்லிச் சக்கரத்தின்மேல் அடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குறிக்கு நேராக நிற்க வேண்டிய கோடு, அதைத் தாண்டி எங்கேயோ நின்றது.

“பொறி லேட்டா விழுதுண்ணே. பாதி பெட்ரோல் எரியாமலே சைலன்சருக்குப் போயிடுது. ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்தா அங்க போய் டமார்.”

“இதையேதான் போன தடவையும் சொன்னே.”

“போன தடவை பொறி விழுற நேரத்தை வெக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைச் சரியாத் திருப்பி, நட்டை இறுக்கி, அதுலேருந்து எஞ்சின்மேல வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்ல ஒரு கோடும் போட்டு அனுப்பினேன். இங்க பாருங்க. கோடு ரெண்டா விலகி நிக்குது. ஆனா நட்டு கல்லு மாதிரி டைட்டா இருக்கு.”

டிங்கர் அண்ணன் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. “இது தானா லூஸாகலை. யாரோ கழட்டி, திருப்பி, மறுபடி இறுக்கியிருக்காங்க.”

“என் பொழப்புல மண்ணள்ளிப் போட அப்படி யாருக்குண்ணே பகை?”

அண்ணன் டைமிங் லைட்டைப் பிடித்துக் காட்டினார். ரோட்டரி டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பினான். கோடு குறிக்கு வந்தது. நட்டை இறுக்கினான்.

சாயங்காலம் வண்டியை எடுக்க வந்த கார்க்காரர், முன்கதவைத் திறந்து காட்டினார். “நீயும் ஏறு. என் தெருமுனை வரைக்கும் வா. இன்னிக்கு வெடிச்சா அங்கிருந்தே உன் முதலாளிக்குப் போன் போடுறேன்.”

வழியில் ரோட்டரி தயங்கித் தயங்கிக் கேட்டான். “சார், வீட்டுல வேற யாராவது வண்டியைத் தொடுவாங்களா?”

“என் பொருளைத் தொடுற தைரியம் என் வீட்டுல யாருக்கும் கிடையாது.” கியரை மாற்றினார். “இந்தச் சத்தத்தால நான் வர்றது எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சுடுது. எனக்கு அது பிடிக்கலை.”

தெருமுனை வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

ஒன்றும் இல்லை. வண்டி பூனை மாதிரி திரும்பி, அந்த நீளமான தெருவைக் கடந்து, கடைசி வீட்டு வாசலில் போய் நின்றது. வேலை தப்பித்தது என்று அவனுக்கு உடம்பே லேசானது.

வீட்டுக்குள் குழந்தைகள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட் திறந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

“எதுக்கும் இன்னொரு தடவை பாத்துட்டுக் கிளம்பு,” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

பானெட்டைத் தூக்கியபோது அவர் மனைவி தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றாள். அவளுடைய கட்டைவிரல் நகத்துக்குள் கறுப்பாகக் கிரீஸ். அவன் அதையே பார்த்தான். அவள் கையை மறைக்கவில்லை.

“அக்கா... நீங்களா? என் வேலையே போகத் தெரிஞ்சுதுக்கா. நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணலை தம்பி. நல்லாத்தான் சரி பண்ணே.”

“சார்கிட்ட நான் சொல்லியே ஆகணும். இல்லேன்னா அடுத்த வாரம் நான் தெருவுலதான் நிக்கணும்.”

உள்ளேயிருந்து மெதுவான குரல் வந்தது. “டி.வி.யை யாரு போட்டது?” டி.வி. சத்தம் சட்டென்று நின்றது. “சரி. ரெண்டு பேரும் வந்து இங்க நில்லுங்க.”

அவள் டம்ளரை அவன் கையில் திணித்தாள். வார்த்தைகள் அவசர அவசரமாக வந்தன. “அவர் வந்து இறங்குனாலே அடிதான் தம்பி. தெருமுனையில வெடிச்சா, அவர் வாசலுக்கு வர்றதுக்குள்ள அரக்கப்பரக்கப் பிள்ளைங்களைப் பின்வாசல் வழியாப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிடுவேன். இன்னிக்கு எனக்குக் கேக்கவே இல்லை.”

ரோட்டரியின் இன்னொரு கையில் ஸ்பேனர் இருந்தது. உள்ளே ஓடத் திரும்பியவள், படியில் கால் வைத்தபடியே கேட்டாள்.

“ரெண்டு தெரு தள்ளி வரும்போதே வெடிக்கிற மாதிரி வெக்க முடியுமா தம்பி?”