மூன்றாவது பெயர்

மலைக்கோட்டையைச் சுற்றிப் பார்க்க வேன் டிரைவர் முக்கால் மணி நேரம்தான் கொடுத்திருந்தார். மற்றவர்கள் மூடுபனிக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, சற்குணமும் மரகதமும் நேராகக் கோட்டையின் பழைய நெற்களஞ்சியத்துக்குள் போனார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், கல்யாணமான புதிதில், வீட்டுச் சாவியால் அந்தச் சுவரில் தங்கள் இருவர் பெயரையும் சற்குணம் கீறியிருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கீறியும் அவை அழியாமல் இருந்தன. மேகம் ஒன்று ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியேறியது. அது போனபின் மரகதம் குனிந்தாள். அந்தப் பெயர்களுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில், கோணல்மாணலாக இன்னொரு பெயர்: நறுமுகை. பிறக்காமலே போன குழந்தைக்கு அவர்கள் யோசித்து வைத்திருந்த பெயர். வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

"சுண்ணாம்பு இன்னும் உதிருதுங்க" என்றாள், அந்தக் கீறலைத் தொட்ட விரலைப் பார்த்தபடி.

"ஏதாவது பிள்ளைங்க கிறுக்கியிருக்கும். வா, ஹாரன் அடிக்கிறாங்க."

இருவரும் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் தலைகளை எண்ணிவிட்டு, "எல்லாரும் ஏறியாச்சுல்ல?" என்று கதவைச் சாத்தப் போனார்.

சற்குணம் சட்டென்று எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க தம்பி, பாப்பா இன்னும் வரல."